எந்தப் பெயரைச் சொல்லி

சிங்காநல்லூர்,
7 ஜூலை 2024, ஞாயிறு

செல்விக்கு,

எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை அம்மா மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீயும் நானும் பேசி நான்கு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் இந்த மாதிரி விஷயங்களில் பதில் தெரிந்தவள் என்று நீ உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். உங்கள் மலையில் டவர் கிடையாது என்பதும் ஒரு சௌகரியம். போனில் என்றால் இரண்டாவது நிமிஷம் சண்டை வந்துவிடும்.

கேள்வி இதுதான். கடைசி நாளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் அல்லவா, அப்போது அம்மாவை எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன்.

மே மாதம் குளியலறையில் விழுந்ததிலிருந்து அம்மா படுக்கைதான். இடுப்பெலும்பு முறிவு. எழுபத்தெட்டு வயதில், இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டர் வலி மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்தில் பங்காரம்மா என்ற பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். நல்ல மாதிரி. அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க அவளால்தான் முடிகிறது.

தினமும் காலை பதினொன்றேகால் வாக்கில் யாரோ கேட்டுக்குப் பக்கத்தில் நின்று "மாசாணி" என்று கூப்பிடுகிறார்களாம். பங்காரம்மா போய்ப் பார்த்தால் தெருவில் ஆள் இல்லை. அவளுக்கு எதுவும் கேட்பதும் இல்லை. அம்மாவுக்குக் கருவி வைத்தால்தான் காது கேட்கும். கருவியைக் கழற்றி வைத்திருக்கும்போதும் அந்தக் குரல் மட்டும் கேட்கிறது. காது மந்தமானவர்களுக்கு மூளை தானாகவே குரல்களை உண்டாக்கிக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மாவுக்குப் பயம்தான். ஆனால் குரலைப் பற்றி அல்ல.

"மாசாணியைக் கூப்புடறாங்க அம்மணி. அந்தப் பேரை எட்டு வயசுலயே உட்டுப்போட்டனே. நானில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"வந்தவங்ககிட்டத்தான்."

"வந்தது ஆணா, பொண்ணா?"

"எந்திரிச்சுப் போய்ப் பார்க்க எனக்குக் காலா இருக்குது? கேக்கறா பாரு கேள்வி."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "தப்பாச் சொல்லிப்போட்டனா அரசி? நாலு பேரு வெச்சீங்களே எனக்கு, சாமி எதைச் சொல்லிக் கூப்புடும்? நான் பேசாம இருந்தா, ஆளில்லைன்னு என்னை உட்டுட்டுப் போயிருமா?"

நாலு பேர் என்றது உண்மை. மாசாணியம்மாள், பிறந்தபோது வைத்தது. கிணத்துக்கடவில் பண்ணை வேலை செய்த அந்தக் குடும்பம் மொத்தமும் ஆர்.சி. கோயிலில் சேர்ந்தபோது ரோசம்மாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு சி.எஸ்.ஐ.க்கு வந்ததும், ரோசம்மா என்றால் ரோமை வாடை அடிக்கிறது என்று அன்றைக்குச் சபைப் போதகராக இருந்த ஐயர் பதிவேட்டில் ரூத் என்று எழுதிவிட்டார். வெள்ளியங்கிரி என்ற அப்பாவின் பெயரில் மட்டும் அவருக்கு எந்த வாடையும் அடிக்கவில்லை. நான்காவது பெயர் உன் உபயம். பத்து நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று கூட்டிப்போய், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் பாஸ்டர் வீட்டுக்காரரோடு சேர்ந்து ஜனவரிக் குளிரில் பவானி ஆற்றில் முக்கி எடுத்து, சாராள் ஆக்கி, நெஞ்சு நிறையச் சளியோடு திருப்பி அனுப்பினாய். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

என்ன பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் எழுது. நான் நம்புகிறேனா இல்லையா என்பது இங்கே முக்கியம் இல்லை. அவள் நம்புகிறாள். கேட் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள்.

அரசி


கடம்பூர் மலை,
12 ஜூலை 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு, செல்வி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

கவரின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிரிக்காமலே உட்கார்ந்து அழுதேன். ஜெரோம்தான் வாங்கிப் படித்துவிட்டு, "எந்திரி எந்திரி, உங்கக்கா சண்டை போடத்தான் எழுதியிருக்காங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். நான்கு வருஷம் கழித்து நீ எழுதியதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நீ சொல்லமாட்டாய். பரவாயில்லை.

கேள்விக்குப் பதில் சுலபம். சாராள்.

அக்கா, பிறந்த குழந்தையின் தலையில் மூன்று சொட்டுத் தண்ணீரைத் தெளிப்பதை நான் ஞானஸ்நானம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். உனக்கும் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நின்று, அதற்குப் பதிலாக "விசுவாசிக்கிறேன்" என்கிறார். ஒருத்தியின் பசிக்கு இன்னொருத்தி சாப்பிட முடியுமா? அம்மாவுக்கு எட்டு வயதில் நடந்ததும் அதே கதைதான். குடும்பத்தோடு வரிசையில் நிறுத்தினார்கள், நின்றாள். இரட்சிப்பு என்பது ஒரு மனுஷி தன் வாயைத் திறந்து தானே சொல்வது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். நான் இரட்சிக்கப்பட்டது 1999 ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணி. இன்றைக்கும் அந்த இடத்தைக் காட்டுவேன். உனக்கு அப்படிச் சொல்ல ஒரு தேதி உண்டா?

ஆகையால் பரலோகத்தின் ஜீவபுஸ்தகத்தில் இருப்பது சாராள் என்ற பெயர்தான். அம்மாவிடம் அப்படியே சொல். நான்கு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளை அந்தப் பெயர் சொல்லி நீ கூப்பிட்டிருந்தால் அவளுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

இன்னொன்று. மாசாணி என்று கூப்பிடுவது கர்த்தர் அல்ல. இரட்சிக்கப்பட்டவளின் பழைய பெயரைச் சொல்லி வெளியே நின்று கூப்பிடுவது யார் என்று உனக்கு நான் எழுத விரும்பவில்லை. அம்மா நானில்லை என்று சொன்னது நல்லது. பங்காரம்மாவையும் கேட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்.

அடுத்த மாதம் ஜெரோமோடு வந்து பார்க்கிறேன். நீ உள்ளே விடுவாய் என்று நம்பி எழுதுகிறேன்.

செல்வி


சிங்காநல்லூர்,
21 ஜூலை 2024, ஞாயிறு

செல்விக்கு,

உன் பதிலை அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "செல்வி சொல்லுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவுக்கு வருவது நான் மாணவர்களுக்கு அனுமதிக்காத பழக்கம். அதனால் அம்மா சிறுமியாகப் போன கோயிலின் ஃபாதரையும், அப்பாவை அடக்கம் செய்த சபையின் ஐயரையும் போய்ப் பார்த்தேன். ஃபாதர் மீட்பு என்கிறார், ஐயர் இரட்சிப்பு என்கிறார். இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இருவருமே கொஞ்சம் யோசித்து "கிட்டத்தட்ட" என்கிறார்கள்.

ஃபாதருக்குச் சந்தேகமே இல்லை. திருமுழுக்கு ஒரு தடவைதான், ஆன்மாவில் விழுந்த முத்திரை அழியாது, எனவே ரோசம்மாள். பிறகு வேறு சபையில் நடந்ததும் ஆற்றில் நடந்ததும் அந்த முத்திரையை ஒன்றும் செய்யாது. ஆனால் இறந்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கொஞ்சம் சுத்தமாக வேண்டியிருக்கும், அதற்கு நாம் இங்கிருந்து செபிக்கவேண்டும் என்றார். ஆபத்துக் காலத்தில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஐயர் சிரித்தார். "உத்தரிக்கிறதாவது ஒண்ணாவது. எல்லாம் கிருபைங்க அம்மா. நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. பேரெல்லாம் ஆண்டவருக்கு ஒரு பொருட்டுங்களா?"

"அப்போ எங்கம்மா எந்தப் பேருக்குப் பதில் சொல்றதுங்க?"

"ரிஜிஸ்டர்ல ரூத்துன்னுதானுங்களே இருக்குது?"

ஆக உன்னையும் சேர்த்து மூன்று பேர். மூன்று நிச்சயமான பதில்கள். சந்தேகம் இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான்.

இனி எழுதப்போவதை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படியே எழுதுகிறேன். நீயாக எதையும் சேர்த்துக்கொள்ளாதே.

ஜூலை எட்டாம் தேதியிலிருந்து குரல் மாசாணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டதாக அம்மா சொல்கிறாள். அந்த வாரம் முழுவதும் ரோசம்மா. பதினைந்தாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து ரூத். வரிசைப்படி வருகிறது, கவனித்தாயா? யாரோ ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்ப்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அம்மா "நானில்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவதில்லை. எல்லாச் சபையிலும் ஆராதனை நடப்பதால் லீவு போலிருக்கிறது.

சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அம்மா "அதா" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மணி பதினொன்று பதினாறு.

எதிர்வீட்டுக் குழந்தையம்மாளின் பேரன் மனோஜ்குமார் தெருவைப் பார்க்க ஒரு கேமரா வைத்திருக்கிறான். தேங்காய் திருட்டுக்காக வைத்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. நிழலில் படுத்திருந்த தெருநாய் பதினொன்று பதினைந்துக்கு எழுந்து, கேட்டின் முன்னால் போய் நின்று, மேலே பார்த்து வாலை ஆட்டுகிறது. ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. ஆறு நாள் பதிவிலும் அப்படித்தான். தெரிந்தவர்கள் வந்தால்தான் அது வாலை ஆட்டும். என்னைப் பார்த்து இதுவரை ஆட்டியதில்லை.

நாய்க்கும் ஒரு வழக்கம் இருக்கலாம். அந்த நேரத்தில் எங்காவது ஒரு மில்லில் சங்கு ஊதி, நமக்குக் கேட்காமல் அதற்குக் கேட்கலாம். நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பங்காரம்மா கிளம்பும்போது, "அக்கா, பேர் சொல்லி யாராச்சும் கூப்பிட்டா மூணாவது வாட்டிதானுங்க பதில் சொல்லோணும், அதுவரைக்கும் வாயைத் தொறக்கக்கூடாது" என்றாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"எனக்கெதுக்குங்க கேக்குது. எம் பேரா அது?" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அடுத்து நான்காவது பெயர் வரும் என்று என் கணக்கு சொல்கிறது. அது உன் பெயர். அம்மா அதற்கு "ஏனுங்க" என்று பதில் குரல் கொடுப்பாளா?

அரசி


கடம்பூர் மலை,
27 ஜூலை 2024

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

ஜெரோமுக்குத் திங்கட்கிழமை அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார்கள், பாஸ்டர் வீட்டு வாசலில்! "எடுத்து வீசு" என்று படுத்துக்கொண்டே கத்துகிறார். காற்றுக்கு நல்லது என்று சொல்லி நான் எடுக்கவில்லை. அம்மா இருக்கும் நிலையில் இந்த வீட்டிலிருந்து நான் அங்கே வரக்கூடாது. அதனால்தான் வாயால் சொல்லவேண்டியதை எழுதவேண்டியிருக்கிறது.

சாராள் என்று கூப்பிட்டால் அம்மா பதில் சொல்லமாட்டாள்.

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு. ஜெரோம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தோம். "சாராளே, இயேசுவை உன் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறாயா?" என்று அவர் கேட்டார். அம்மா பேசவில்லை. கரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். அம்மாவுக்குக் குளிரில் பல் தட்டியது. கரையில் இருந்த விசுவாசிகள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். முப்பது பேர், அக்கா. பாஸ்டரின் சொந்த மாமியார் தண்ணீரில் நின்றுகொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்.

நான் சொன்னேன். "விசுவாசிக்கிறேன்" என்று நான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் குரலில் சொன்னேன். சின்ன வயதில் கிணற்றடியில் நான் அம்மா மாதிரிக் கூப்பிட்டு உன்னை ஏமாற்றுவேனே, அந்தக் குரலில். ஜெரோமுக்கு இன்றுவரை தெரியாது. அவர் உடனே அம்மாவை முக்கிவிட்டார். எழுந்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன கடிதத்தில் உனக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறது. ஒருத்தியின் பசிக்கு இன்னொருத்தி சாப்பிட முடியுமா என்று. எழுதும்போதே கை நின்றது. எங்கள் உபதேசப்படி பார்த்தால் அன்றைக்கு அம்மா நனைந்தாள், அவ்வளவுதான். அவள் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. அவள் இப்படியே போனால் அதற்கு நான்தான் காரணம்.

நீ கேள். நீ நம்பவேண்டியதில்லை, கேட்டால் போதும். "அம்மா, நீ விசுவாசிக்கிறயா?" என்று கேட்டு, அவள் வாயால் ஆம் என்று சொல்லவை. உன்னிடம் அவள் பொய் சொல்லமாட்டாள். அந்த நான்காவது பெயர் வருவதற்கு முன்னால் கேட்டுவிடு.

செல்வி


சிங்காநல்லூர்,
1 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ரூத் என்பது போன வாரமும் தொடர்ந்தது; நான்காவது பெயர் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். உன் கடிதத்தோடு சேர்த்து அதையும் கிழித்துவிட்டேன். அம்மாவை வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட எனக்கு இப்போது நேரம் இல்லை.

நான் உன் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அம்மாவே சொன்னாள். திங்களும் செவ்வாயும் சாராள் என்று கூப்பிட்டார்களாம். நீ எழுதியதைப் படித்துவிட்டதால் நான் ஜாக்கிரதையாகக் கேட்டேன். என்ன பதில் சொன்னாய் என்று.

"சாராளுன்னா செல்வி அம்மணி. அவதான அந்தப் பேருக்கு ஆமான்னு சொன்னா? நானா சொன்னேன்?"

"சரிம்மா, கூப்பிட்டவங்ககிட்ட என்ன சொன்னே?"

"அது நானில்லீங்க, எம் மக, கடம்பூர் மலையில இருக்கறா, அங்க போங்கன்னு சொல்லிப்போட்டேன்."

நேற்றும் இன்றும் இங்கே யாரும் கூப்பிடவில்லை. நாயும் எழுந்திருக்கவில்லை. கேமராவில் பார்த்தேன்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. மூளையில் ரத்த ஓட்டம் குறையும்போது வயதானவர்கள் இப்படிக் கோர்வையாகவே பேசுவார்கள். ஆனால் அம்மா குரல் நின்றதில் நிம்மதி அடையவில்லை. ஒடுங்கிப்போய்விட்டாள். "பேரெல்லாம் தீர்ந்துபோச்சு" என்கிறாள்.

ஜெரோமின் உடம்பு எப்படி இருக்கிறது? கொஞ்ச நாளைக்கு நீயும் பகலில் தனியாக இருக்காதே. காரணம் ஒன்றும் இல்லை.

அரசி


கடம்பூர் மலை,
3 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

புதன்கிழமை ஜெரோமுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் "சாராள்" என்றது. சத்தமாக இல்லை. வீட்டுக்கு வழி கேட்கிறவர்கள் மாதிரி. கடிகாரம் பதினொன்றேகால். வியாழனும் வந்தது. நேற்றும் வந்தது. ஜெரோமுக்குக் கேட்கவில்லை.

நான் தேதி சொல்லி, மணி சொல்லி இரட்சிக்கப்பட்டவள். முப்பது குடும்பத்துக்குத் தைரியம் சொல்கிறவள். கூப்பிட்டது ஆண்டவராக இருந்தால் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கவேண்டும். வேறு எதுவாவது என்றால் அதட்டி அனுப்பியிருக்கவேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். பதில் சொல்லவும் பயம். அம்மாவுக்கு வந்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்றால் அம்மாவுக்கு என்ன மிச்சம் இருக்கும்? நேற்று மெதுவாக, "சாராள் இங்கே இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். போய்விட்டது.

இனி அது எங்கே போகும் என்று தெரியவில்லை. "அம்மா, நீ விசுவாசிக்கிறயா?" என்று அவளிடம் கேள் அக்கா. அவளே சொல்லட்டும். எனக்காகக் கேள்.

செல்வி


சிங்காநல்லூர்,
12 ஆகஸ்ட் 2024, திங்கள்

செல்விக்கு,

உங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் லேண்ட்லைனில் "அம்மா போயிட்டா, நீ வராதே" என்று நான்கு வார்த்தை சொன்னேன். உனக்கும் அம்மை போட்டுவிட்டது என்று அங்கே சொன்னார்கள். உன்னை வைத்துக்கொண்டு அடக்கம் செய்யவில்லை என்ற குறை எனக்கும் உண்டு. அப்பாவின் பக்கத்தில் வைத்தோம். ஐயர் ரூத் அம்மாள் என்று வாசித்தார். கூட்டத்தில் பின்னால் நின்ற ஃபாதர் வேறு பெயரை மனசுக்குள் சொல்லியிருப்பார். கல்லில் இன்னும் எதுவும் எழுதவில்லை. நீ எழுந்து வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அன்றைக்கு நான் கல்லூரிக்குப் போகவில்லை. நீ கேட்டுக்கொண்டபடியே கேட்டேன். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை, உன் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

"அம்மா, நீ விசுவாசிக்கிறயா?"

அம்மா என்னையே திருப்பிக் கேட்டாள். "நீ விசுவாசிக்கிறயா?"

"தெரியலைம்மா."

"இத்தனை படிச்சும் தெரியலையா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும்வரை சிரித்தாள். "அப்புறம் என்னத்துக்கு என்னைக் கேக்கறே? செல்வி கேக்கச் சொன்னாளா?"

"ஆமா."

"அவளுக்கு ஆத்துல நின்னதுல இருந்து அதே கவலை. அவமேல எனக்குக் கோவமில்லைன்னு எழுது. விசுவாசம் இல்லாமயா அம்மணி இத்தனை கோயிலுக்கும் நடந்தேன்? வாயில வரலை. அத்தனை பேரு முன்னால, அந்தக் குளிர்ல, அவங்க சொல்ற பேரு ஆரோடதுன்னு நானே தேடிக்கிட்டு நின்னேன்."

இதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

பிறகு அவள் முகம் மாறியது. "நாலு பேருக்கும் நானில்லைன்னு சொல்லிப்போட்டேன் அரசி. இனிக் கூப்புட அவங்ககிட்டப் பேரில்லை. பாவம், எத்தனை நாள் வெயில்ல வந்து நின்னாங்க. திரும்பிப் போயிருப்பாங்க."

நீயாக இருந்தால் ஜெபம் செய்திருப்பாய். ஃபாதர் மந்திரித்த தண்ணீர் தெளித்திருப்பார். ஐயர் கிருபை என்று சொல்லியிருப்பார். எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போது பொய் என்றுதான் நினைத்தேன்.

"திரும்பிப் போகமாட்டாங்கம்மா. நாளைக்கு வருவாங்க. நான் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். எந்தப் பேர் சொன்னாலும், இங்கதான் இருக்காங்கன்னு உனக்குப் பதிலா நான் சொல்லிடறேன்."

"நீ சொல்லுவியா?"

"சொல்றேன்."

"பார்த்துக்க. செல்விகூட அப்படித்தான் சொன்னா" என்றாள். ஆனால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

லீவு சொல்லிவிட்டேன். பங்காரம்மா அம்மாவுக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தாள். பத்தரைக்கு அரை டம்ளர் மோர் குடித்தாள். பங்காரம்மா துணி துவைக்கப் பின்பக்கம் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். வெளியே வெயில். தெருவில் காற்றுகூட இல்லை. அம்மா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு யாரும் கூப்பிடவில்லை. பதினொன்று இருபதுக்கும் இல்லை. நான் அடுத்த தாளை எடுத்தேன்.

அப்போது கேட்டது. எனக்கே கேட்டது, செல்வி. ஆண் குரலா பெண் குரலா என்று நீ கேட்பாய். சொல்லத் தெரியவில்லை. களைப்பான குரல், கோபம் இல்லை. அது மாசாணி என்று கூப்பிடவில்லை. ரோசம்மா என்றோ ரூத் என்றோ சாராள் என்றோ கூப்பிடவில்லை. "கண்ணு" என்றது. அவ்வளவுதான். இந்த ஊரில் பஸ் கண்டக்டரும் தக்காளி விற்கிறவளும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற சொல்.

நான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்துதான் திறந்தேனா, இல்லை என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று திறந்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் என் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் அம்மா கண்ணைத் திறந்து, "வாரேனுங்க" என்றாள்.

அம்மாதான் சொன்னாள். நான் சொல்லவில்லை. உனக்காக இதை இன்னொரு தடவை எழுதுகிறேன். அவள் வாயால், அவள் குரலில், அவளே சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் மூச்சு விடவில்லை. நாடியைப் பார்த்தேன், மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். மணி பதினொன்று இருபத்துமூன்று. பங்காரம்மாவைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன். கேட் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. தெருவின் இரண்டு முனை வரைக்கும் ஆள் இல்லை.

எதிர்வீட்டு வாசலில் குழந்தையம்மாள் முறத்தில் வைத்திருந்த சின்ன வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது அவருக்கு. தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இப்ப ஆருங்க கூப்பிட்டது? கண்ணுன்னாங்களே. என்னையாட்டம் இருக்குதுன்னு நானும் வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். வந்து பார்த்தா ஆளைக் காணமே."

தெரியலைங்க என்றேன்.

அரசி